பறிக்கப்பட்ட கிண்ணமும் பத்தொன்பது வெற்றிகளும்

போட்டி முடிந்து, கிண்ணம் வாங்கி, படம் எடுத்து, பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போய் ஒரு வருடம் கழிந்த பிறகு, "அந்த வெற்றி செல்லாது" என்று ஓர் அறிவித்தல் வந்தால் ஓர் அணி என்ன செய்யும்?

நம்மூரில் பாடசாலைகளுக்கிடையிலான போட்டிகள் நடக்கும் ஒவ்வொரு வருடமும் இந்தக் கேள்வி ஏதோ ஒரு வடிவத்தில் எழும்பத்தான் செய்கிறது. பிறப்புச் சான்றிதழ், சேர்விலக்கம், வேறு பாடசாலையிலிருந்து வந்த பிள்ளை எத்தனை மாதம் இங்கே படித்திருக்க வேண்டும் என்ற கணக்கு. மைதானத்தில் ஒரு மணித்தியாலத்தில் முடிந்த விஷயம் மேசையில் மாதக்கணக்கில் இழுபடும். மஃரிப் வரைக்கும் கடை வாசலில் நின்று அதைப் பேசித் தீர்க்காத ஆள் நம்மில் யார்?

இன்றைய பதிவு நம்மூர் சண்டையைப் பற்றியதல்ல. அமெரிக்கத் தலைநகர் வொஷிங்டனில், 1970களின் தொடக்கத்தில், ஒரு பல்கலைக்கழக உதைபந்தாட்ட அணிக்கு நடந்ததைப் பற்றியது. உயர்தர மாணவர்கள் சிலர் விளையாட்டும் சட்டமும் சம்பந்தப்பட்ட வரலாறு ஒன்றை எழுதச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். நமக்குத் தெரிந்ததில் இதைவிடப் பொருத்தமான கதை இல்லை.

பல்கலைக்கழகத்தின் பெயர் ஹோவர்ட். ஹார்வர்ட் அல்ல. பலரும் குழம்புகிற இடம் இது. ஹார்வர்ட் என்பது பொஸ்டன் பக்கம் உள்ள பழைய பணக்காரப் பல்கலைக்கழகம். ஹோவர்ட் வேறு. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்து அடிமைகள் விடுதலையான பின், இரண்டு வருடத்தில், 1867இல் வொஷிங்டனில் தொடங்கப்பட்டது. விடுதலையான மக்களுக்கான அரச அலுவலகத்தின் தலைவராக இருந்த ஜெனரல் ஒலிவர் ஓட்டிஸ் ஹோவர்டின் பெயரை அதற்கு வைத்தார்கள். வெள்ளையர்களின் பல்கலைக்கழகங்கள் கறுப்பின மாணவர்களுக்குக் கதவைச் சாத்தியிருந்த நூறு வருடமும் மருத்துவர், சட்டத்தரணி, ஆசிரியர் என்று ஒரு சமூகத்தையே படிப்பித்து வெளியே அனுப்பிய இடங்களில் முதன்மையானது அது. அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் முதலாவது கறுப்பின நீதியரசர் தர்குட் மார்ஷல் ஹோவர்டின் சட்டபீடத்தில் படித்தவர்.

இன்னொரு விஷயமும் உண்டு. கரீபியன் தீவுகளுக்கும் ஹோவர்டுக்கும் நெடுநாள் உறவு. ட்ரினிடாட் நாட்டின் முதல் பிரதமர் எரிக் வில்லியம்ஸ் ஒரு வரலாற்றாசிரியர். அடிமை முறைக்கும் முதலாளித்துவத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1944இல் புத்தகம் வெளியிட்டபோது அவர் ஹோவர்டில் பேராசிரியராக இருந்தார். 1960களில் கறுப்பின எழுச்சியின் குரலாக இருந்த ஸ்டோக்லி கார்மைக்கேல், பிறந்தது ட்ரினிடாட்டின் போர்ட் ஒஃப் ஸ்பெயினில், படித்தது ஹோவர்டில். ஆகவே தீவுகளிலிருந்து ஒரு பையன் படிக்கப் புறப்பட்டால், அவன் தகப்பனுக்கோ மாமாவுக்கோ அந்தப் பெயர் முன்பே தெரிந்திருக்கும்.

அந்தப் பையன்கள் பெட்டியில் புத்தகத்தோடு சேர்த்து உதைபந்தையும் கொண்டுபோனார்கள். அமெரிக்காவில் அன்றைக்கு உதைபந்தாட்டத்தை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. பேஸ்போல், கூடைப்பந்து, கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் அவர்களுடைய சொந்த புட்போல், இவைதான் அவர்களுக்கு விளையாட்டு. பெலே நியூயோர்க் கொஸ்மொஸ் அணியில் சேர்ந்து அந்த நாட்டைத் திரும்பிப் பார்க்க வைத்தது 1975இல்தான். ஆனால் ஜமைக்காவில் பாடசாலைகளுக்கிடையிலான மேனிங் கிண்ணம் 1909 முதல் நடக்கிறது. ட்ரினிடாட்டிலும் பாடசாலை அணிகளின் ஆட்டம் என்றால் ஊரே மைதானத்துக்குப் போகும். பிரிட்டிஷ்காரன் ஆண்ட நாடுகளில் பாடசாலையும் பந்தும் சேர்ந்தே வளர்ந்தன என்பதை நமக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

1970இல் ஹோவர்ட் அணிக்குப் பயிற்றுவிப்பாளராக வந்தவர் லிங்கன் பிலிப்ஸ். ட்ரினிடாட்காரர், தேசிய அணியின் கோல் காப்பாளர். 1967இல் கனடாவின் வினிபெக்கில் நடந்த பான் அமெரிக்கன் போட்டியில் ட்ரினிடாட் வெண்கலப் பதக்கம் வென்றபோது கோல் கம்பத்தின் நடுவே நின்றவர். பிறகு அமெரிக்காவுக்கு வந்து பால்டிமோரிலும் வொஷிங்டனிலும் தொழில்முறை அணிகளில் விளையாடினார். வொஷிங்டன் டார்ட்ஸ் அணியில் விளையாட்டு வீரராகவும் பயிற்றுவிப்பாளராகவும் ஒரே நேரத்தில் இருந்தார். வயது முப்பதுகூட ஆகவில்லை.

அவர் சேர்த்த அணியில் ட்ரினிடாட், ஜமைக்கா, நைஜீரியா, கினி என்று பல நாட்டு மாணவர்கள். வீரர்கள் எல்லோரும் கறுப்பினத்தவர், பயிற்றுவிப்பாளரும் கறுப்பினத்தவர், பல்கலைக்கழகமும் கறுப்பினத்தவருடையது. 1966இல் டெக்சஸ் வெஸ்டர்ன் கல்லூரி ஐந்து கறுப்பின வீரர்களை முதல் அணியாக இறக்கித் தேசிய கூடைப்பந்துக் கிண்ணத்தை வென்றபோது அமெரிக்கா அதிர்ந்தது. ஆனால் அங்கே பயிற்றுவிப்பாளர் வெள்ளையர். ஒரு கறுப்பினப் பயிற்றுவிப்பாளர் அந்தக் கூடைப்பந்துக் கிண்ணத்தை வெல்ல 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உதைபந்தாட்டத்தில் பிலிப்ஸின் பிள்ளைகள் முந்திக்கொண்டார்கள்.

முதல் வருடமே, 1970இல், தேசியப் போட்டியின் அரையிறுதி வரை போய்த் தோற்றார்கள். அடுத்த வருடம் அரையிறுதியில் எதிரணி யார் தெரியுமா? ஹார்வர்ட். பெயர்க் குழப்பத்துக்கு அன்றைக்கு மைதானத்திலேயே ஒரு முடிவு கிடைத்தது: ஹோவர்ட் 1, ஹார்வர்ட் 0. இரண்டு நாள் கழித்து, 1971 டிசம்பர் 30ஆம் திகதி, மியாமி நகரின் ஒரேஞ்ச் போல் அரங்கில் இறுதிப் போட்டி. எதிரே செயிண்ட் லூயிஸ் பல்கலைக்கழகம்.

செயிண்ட் லூயிஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். எதிரணியை வில்லனாக்கினால் கதை கெட்டுவிடும். அமெரிக்காவில் உதைபந்தாட்டம் வேரோடு இருந்த மிகச் சில நகரங்களில் அது ஒன்று. ஐரோப்பாவிலிருந்து குடியேறிய கத்தோலிக்கத் தொழிலாளர் குடும்பங்களின் ஊர். ஒவ்வொரு தேவாலயப் பங்குக்கும் ஓர் அணி இருக்கும். அந்தப் பையன்கள் வளர்ந்து அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கே விளையாடினார்கள். தேசியக் கிண்ணத்தின் முதல் போட்டி 1959இல் நடந்தபோது வென்றவர்கள் அவர்கள்தான். 1969இலும் 1970இலும் அவர்களே சம்பியன். பயிற்றுவிப்பாளர் ஹரி கியோ சாதாரண ஆள் அல்ல. 1950 உலகக் கிண்ணத்தில், பிரேசிலில், இங்கிலாந்தை 1-0 என்று அமெரிக்கா தோற்கடித்ததே, அந்த அணியின் பின்கள வீரர். அந்த ஒரே கோலை அடித்தவர் ஹெய்ட்டியிலிருந்து நியூயோர்க்கில் படிக்க வந்த ஜோ கெய்ட்ஜன்ஸ். ஒரு வெளிநாட்டு மாணவன் அடித்த கோலால் புகழ்பெற்ற அணியில் கியோ விளையாடியிருந்தார் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரப்போவது வெளிநாட்டு மாணவர் பற்றிய சட்டம்.

மியாமியில் ஹோவர்ட் 3-2 என்று வென்றது. வரலாற்று ரீதியாகக் கறுப்பினத்தவருடைய ஒரு பல்கலைக்கழகம் அந்த மட்டத்தில் தேசியக் கிண்ணம் ஒன்றைத் தூக்கியது அதுவே முதல் தடவை.

அதோடு முடிந்திருந்தால் நாம் இதை எழுதியிருக்கவே மாட்டோம்.

கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் தேசிய சங்கத்தை அங்கே என்.சி.ஏ.ஏ. என்பார்கள். 1972இல் அந்தச் சங்கம் ஹோவர்ட் வீரர்களின் தகுதியை விசாரிக்கத் தொடங்கியது. அந்த வருட அரையிறுதியில் ஹோவர்ட் மறுபடி செயிண்ட் லூயிஸைச் சந்தித்துத் தோற்றது. 1973இல் தீர்ப்பு வந்தது: தகுதியற்ற மாணவர்கள் விளையாடியிருக்கிறார்கள், ஆகவே 1971 பட்டம் இரத்து, ஹோவர்ட் 1973 தேசியப் போட்டியில் கலந்துகொள்ளவும் முடியாது.

எந்தச் சட்டங்கள்? இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். கதையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் "இனவெறியால் பறித்தார்கள்" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

முதலாவது, ஐந்தாண்டுச் சட்டம். ஒரு மாணவன் எந்தவொரு உயர்கல்வி நிறுவனத்திலும் முதன்முதலில் பதிந்த நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் தன் விளையாட்டு வருடங்களை முடித்துவிட வேண்டும். இடையில் படிப்பை நிறுத்தி வேலைக்குப் போனவன், வேறு நாட்டில் கல்லூரி ஒன்றில் பதிந்துவிட்டுப் பிறகு அமெரிக்கா வந்தவன், இப்படிப்பட்டவர்கள் இதில் மாட்டுவார்கள்.

இரண்டாவது, 1.600 சட்டம். 1960களின் நடுவில் கொண்டுவந்தது. ஒரு பிள்ளையின் பாடசாலைப் பெறுபேற்றையும் அமெரிக்க நுழைவுப் பரீட்சைப் புள்ளியையும் ஒரு அட்டவணையில் போட்டு, அவன் பல்கலைக்கழகத்தில் நான்குக்குக் குறைந்தது 1.6 சராசரி எடுப்பான் என்று முன்கூட்டியே கணித்துக் காட்ட வேண்டும். கவனியுங்கள், அவன் உண்மையில் என்ன எடுத்தான் என்பதல்ல, என்ன எடுப்பான் என்று அட்டவணை சொல்வதுதான் கணக்கு. கரீபியன் தீவுகளின் பிள்ளைகள் அந்நாட்களில் எழுதியது பிரிட்டிஷ் முறையிலான ஜி.சி.ஈ. நம்முடைய க.பொ.த.வும் அதே மரத்தின் கிளைதான். சாதாரண தரம், உயர் தரம் என்று படித்து வந்த பிள்ளையின் பெறுபேற்றை அமெரிக்கப் பாடசாலைகளுக்காகச் செய்த அட்டவணையின் எந்தக் கட்டத்தில் போடுவது? நம் பிள்ளை ஒருவன் உயர் தரத்தில் மூன்று ஏ எடுத்துக்கொண்டு போய் நின்றாலும், அங்குள்ள நுழைவுப் பரீட்சையை எழுதவில்லையென்றால் அட்டவணை வாய் திறக்காது.

மூன்றாவது, வெளிநாட்டு மாணவர் சட்டம். ஒரு வெளிநாட்டு மாணவன் பத்தொன்பது வயதைத் தாண்டிய பின் தன் நாட்டில் ஒழுங்கமைக்கப்பட்ட அணி எதிலாவது விளையாடியிருந்தால், அப்படி விளையாடிய ஒவ்வொரு வருடமும் அவனுடைய கல்லூரி விளையாட்டு வருடங்களில் ஒன்றாகக் கழிக்கப்படும்.

இதை ஓர் உதாரணத்தோடு பார்த்தால்தான் விளங்கும். போர்ட் ஒஃப் ஸ்பெயினில் ஒரு பையன். பத்தொன்பது வயதில் உயர் தரம் முடிக்கிறான். பணம் சேர்க்க இரண்டு வருடம் கந்தோரில் வேலை. சனிக்கிழமைகளில் ஊர்க் கழகத்துக்குப் பந்து விளையாடுகிறான், சம்பளம் எதுவும் இல்லை. இருபத்தொரு வயதில் ஹோவர்டில் இடம் கிடைக்கிறது. அங்கே போய் இறங்கும்போதே அவன் கணக்கில் இரண்டு வருடம் கழிந்துவிட்டது. அதே இரண்டு வருடம் ஓர் அமெரிக்கப் பையன் தன் ஊரில் கழக அணி ஒன்றுக்கு விளையாடிவிட்டு வந்தால்? அவனுக்கு ஒன்றுமே கழியாது. சட்டம் வெளிநாட்டவனுக்கு மட்டும்தான்.

நம் பிள்ளைகளை நினைத்துப் பார்த்தோம். உயர் தரம் ஒரு தடவை, திருப்தியில்லாமல் இரண்டாம் தடவை, வெட்டுப்புள்ளி வரும் வரை காத்திருப்பு, பிறகு பல்கலைக்கழகம் திறக்கும் வரை இன்னொரு காத்திருப்பு. நம்மூரிலிருந்து பல்கலைக்கழகம் போனவர்களில் பத்தொன்பது வயதில் உள்ளே நுழைந்தவர் எத்தனை பேர்? காத்திருக்கும் அந்த வருடங்களில்தான் அவர்கள் ஊர்க் கழகத்துக்கு விளையாடுகிறார்கள். அந்தச் சட்டப்படி பார்த்தால் நம்மூர் அணி முழுவதுமே தகுதியிழந்துவிடும்.

சட்டம் எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்டிருப்பதும், அது எல்லோர் மேலும் ஒரே கனத்தில் விழுவதும் வேறு வேறு. இந்த மூன்றில் முதல் இரண்டும் எழுத்தில் எல்லா மாணவருக்கும் பொது. ஆனால் நாடு விட்டு நாடு வந்து, பிந்திப் படிக்கத் தொடங்கிய, ஏழை வீட்டுப் பிள்ளைகள் மீதுதான் அவை கூடுதலாக விழுந்தன. வெளிநாட்டு மாணவர்களை வைத்து விளையாடிய வெள்ளையர் பல்கலைக்கழகங்களும் இருந்தன, எங்களை மட்டும் ஏன் தோண்டினீர்கள் என்று ஹோவர்ட் கேட்டது.

பல்கலைக்கழகம் நீதிமன்றம் போனது. வொஷிங்டன் மாவட்ட நீதிபதி கெர்ஹார்ட் கெசல் வழக்கை விசாரித்தார். 1971இல் வியட்நாம் போர் பற்றிய இரகசிய ஆவணங்களை வொஷிங்டன் போஸ்ட் பத்திரிகை வெளியிடுவதைத் தடுக்க மறுத்த அதே நீதிபதி. அரசாங்கத்துக்குப் பயப்படுகிற ஆள் அல்ல என்பதற்காகச் சொல்கிறோம். 1973இல் அவர் கொடுத்த தீர்ப்பு இரண்டு பக்கமும் வெட்டியது. வெளிநாட்டு மாணவர் சட்டம் சம உரிமைக்கு முரணானது, அது செல்லாது. ஆனால் ஐந்தாண்டுச் சட்டமும் 1.600 சட்டமும் செல்லும். அவை மீறப்பட்டிருக்கின்றன, ஆகவே தண்டனையும் நிற்கும். மேன்முறையீட்டு நீதிமன்றம் 1975இல் இதையே உறுதிசெய்தது.

இங்கே நம் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். ஹோவர்ட் மீது எந்தத் தவறும் இல்லை என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாது. நீதிமன்றம் ஏற்ற இரண்டு சட்டங்கள் மீறப்பட்டன. சட்டத்தை வாசித்து, ஆவணத்தைச் சரிபார்த்து, சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கேட்பது பெரியவர்களின் வேலை. பையனின் வேலை பந்து விளையாடுவது, படிப்பது. எந்த நாட்டிலும், எந்த மைதானத்திலும், ஆவணத்தில் பெரியவர்கள் விட்ட பிழைக்குப் பதக்கத்தைக் கழற்றிக் கொடுப்பது பிள்ளைதான். அதே நேரம், செல்லாது என்று நீதிமன்றமே சொன்ன ஒரு சட்டமும் சேர்ந்துதான் அந்தக் குற்றப்பத்திரிகை எழுதப்பட்டது. 1.600 சட்டத்தையோ, ஹோவர்டைத் தண்டித்த அதே 1973இல் சங்கமே கைவிட்டுவிட்டது. கைவிடப்பட்ட சட்டத்தால் பறிக்கப்பட்ட பட்டம் திரும்பி வரவில்லை.

1973 அப்படிக் கழிந்தது. எவ்வளவு நன்றாக விளையாடினாலும் தேசியப் போட்டிக்குப் போக முடியாது என்று தெரிந்துகொண்டே ஒரு பருவம் முழுவதும் பயிற்சிக்கு வருவது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வருட டிசம்பரில் ட்ரினிடாட் மாணவர்களுக்கு இன்னோர் அடியும் விழுந்தது. உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில், ஹெய்ட்டியில், ஹெய்ட்டிக்கு எதிராக ட்ரினிடாட் அடித்த நான்கு கோல்களை மத்தியஸ்தர் செல்லாது என்றார். முடிவு 2-1, ட்ரினிடாட் வெளியே. 1974 உலகக் கிண்ணத்துக்குப் போனது ஹெய்ட்டி. அடித்த கோலும் இல்லை, வென்ற கிண்ணமும் இல்லை என்றால் ஒரு பையன் பந்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் புத்தகத்தை எடுத்திருந்தாலும் நாம் குறை சொல்ல முடியாது.

ஆனால் 1974இல் அவர்கள் திரும்பி வந்தார்கள். பிலிப்ஸ் அந்தப் பருவத்துக்கென்று ஒரு சுலோகம் வைத்திருந்தார். வில்லியம் கலன் பிரயன்ட் என்ற பழைய அமெரிக்கக் கவிஞரின் ஒரு வரி, உண்மையைப் பற்றியது. மார்ட்டின் லூதர் கிங் தன் உரைகளில் அடிக்கடி எடுத்துச் சொன்ன வரியும் அதுவே.

அந்தப் பருவத்தின் கணக்கை எழுதுகிறோம், பாருங்கள். பத்தொன்பது ஆட்டங்கள், பத்தொன்பது வெற்றிகள். தோல்வி இல்லை, சமநிலையும் இல்லை. அடித்த கோல்கள் 63, வாங்கிய கோல்கள் 6. அரையிறுதியில் ஹார்ட்விக் கல்லூரியை வென்றது 2-1. இறுதிப் போட்டியும் 2-1. ஆக, வாங்கிய ஆறில் இரண்டு கடைசி இரண்டு ஆட்டங்களில் வந்தவை. அதற்கு முன் பதினேழு ஆட்டங்களில் நான்கே நான்கு கோல்தான் உள்ளே போயிருக்கிறது. கோல் காப்பாளர் ஒருவர் பயிற்றுவிப்பாளராக இருந்தால் அணி எங்கிருந்து கட்டப்படும் என்பது இந்த எண்ணிலேயே தெரிகிறது. நம் பயிற்றுவிப்பாளர் தம்பிமார் இதைக் கவனிக்க வேண்டும். நம்மூரில் எல்லோருக்கும் முன்கள வீரன்தான் வேண்டும். கோல் கம்பத்துக்கு, ஓட முடியாதவனைப் பிடித்து நிறுத்துவோம்.

இறுதிப் போட்டி 1974 டிசம்பரில். எதிரே யார்? மறுபடியும் செயிண்ட் லூயிஸ். மைதானம் எது? அவர்களுடைய ஊரில், புஷ் அரங்கம். 1972, 1973 என்று இரண்டு வருடமும் சம்பியனாக வந்த அணி. அதற்குள் பட்டங்கள் மொத்தம் பத்து ஆகிவிட்டன. மூன்றாவது வருடமும் தொடர்ந்து வெல்வோம் என்று சொந்த ஊர் மக்கள் முன்னால் இறங்குகிறார்கள். எதிரே, மூன்று வருடத்துக்கு முன் அவர்களிடம் வென்ற கிண்ணத்தை மேசையில் இழந்தவர்கள்.

முழு நேரத்தில் 1-1. மேலதிக நேரம். அதிலும் முடியவில்லை. இரண்டாவது பகுதி, மூன்றாவது பகுதி. கால்கள் ஓய்ந்து, தசை பிடித்து, எந்தப் பக்கம் போனாலும் ஒரு பிழையில் முடியப்போகிற ஆட்டம். நான்காவது மேலதிக நேரப் பகுதியில் நைஜீரிய மாணவர் கென்னத் இலொடிக்வே அடித்தார். ஹோவர்ட் 2, செயிண்ட் லூயிஸ் 1.

இந்தத் தடவை யாரும் எதையும் இரத்துச் செய்யவில்லை. வரலாற்று ரீதியாகக் கறுப்பினத்தவருடைய பல்கலைக்கழகம் ஒன்று முதலாம் பிரிவில் வென்ற முதல் தேசியப் பட்டம் என்று ஏட்டில் நிற்பது இதுவே.

மேன்முறையீட்டுத் தீர்ப்பு இதற்குப் பிறகு, 1975இல்தான் வந்தது என்பதை முன்பே சொன்னோம். அதாவது இந்தப் பிள்ளைகள் பத்தொன்பது ஆட்டங்களையும் விளையாடி முடித்தபோது வழக்கு நீதிமன்றத்திலேயே இருந்தது. நீதி கிடைத்த பிறகு விளையாடுவோம் என்று அவர்கள் காத்திருந்தால் எல்லோரும் பட்டம் பெற்று ஊர் திரும்பியிருப்பார்கள். மாணவப் பருவம் நான்கே வருடம். நீதிமன்றத்துக்கு அந்த அவசரம் கிடையாது.

ஹோவர்டை மட்டும்தான் இப்படித் தண்டித்தார்களா என்றால், இல்லை. 1978இல் இந்தியானா பல்கலைக்கழகத்தை வென்று சம்பியனான சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் பட்டத்தையும் பிற்பாடு இரத்துச் செய்தார்கள். அதுவும் வெளிநாட்டு மாணவர்கள் நிறைந்த அணி. இதையும் சொல்லாவிட்டால் கதை ஒருபக்கச் சார்பாகிவிடும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: இரண்டு தடவையும் மாட்டியது, வெளிநாட்டுப் பிள்ளைகளை நம்பி அணி கட்டிய பல்கலைக்கழகம்.

ஹோவர்ட் பிறகும் ஒரு தடவை இறுதிப் போட்டிக்கு வந்தது. 1988இல், அதே இந்தியானாவுக்கு எதிராக, அவர்களுடைய ஊரிலேயே. 0-1 என்று தோற்றது. அந்த அணியின் கோல் காப்பாளர் இயந்திரப் பொறியியல் படித்துக்கொண்டிருந்த ஒரு ட்ரினிடாட் பையன், பெயர் ஷாகா ஹிஸ்லொப். பிரீமியர் லீக் பார்த்து வளர்ந்த நம் முப்பது, நாற்பது வயதுத் தம்பிமாருக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. நியூகாசல், வெஸ்ட் ஹாம், போர்ட்ஸ்மத் எல்லாவற்றிலும் நின்றவர். 2006 உலகக் கிண்ணத்தில் ட்ரினிடாட் முதல் தடவையாகக் கலந்துகொண்டபோது சுவீடனை ஒரு கோலும் அடிக்க விடாமல் 0-0 என்று வைத்தவர். 1973இல் ஹெய்ட்டியில் மூடப்பட்ட கதவு திறக்க முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. இங்கிலாந்து மைதானங்களில் இனவெறிக்கு எதிராகப் பாடசாலைப் பிள்ளைகளிடம் போய்ப் பேசும் இயக்கத்தின் தொடக்கத்திலிருந்தே நின்றவர்களில் ஹிஸ்லொப்பும் ஒருவர். அந்த இயக்கத்தைப் பற்றித் தனியாக ஒரு பதிவு எழுதலாம்.

லிங்கன் பிலிப்ஸ் பின்னாட்களில் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். 2016இல் இயக்குநர் ஸ்பைக் லீயின் முயற்சியில் ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சி இந்த அணியைப் பற்றிக் குறும் ஆவணப்படம் ஒன்றையும் வெளியிட்டது.

தேசிய சங்கத்தின் சம்பியன் பட்டியலில் 1971க்கு நேரே இன்னமும் பட்டம் இரத்து என்றே இருக்கிறது. இரண்டாவதாக வந்த செயிண்ட் லூயிஸுக்கும் அதைக் கொடுக்கவில்லை. நாம் இந்தக் கதையை முதலில் தேடத் தொடங்கியதே அந்த வெற்றிடத்தைப் பார்த்துத்தான்.

உயர்தர மாணவர்களுக்கு அந்த ஆவணப்படத்தைப் பாடசாலையில் போட்டுக் காட்டலாம் என்று நினைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் இருப்பதால் இடையிடையே நிறுத்தித் தமிழில் சொல்லுவோம். கழகப் பயிற்றுவிப்பாளர்களும் பெற்றோரும் விரும்பினால் வரலாம், நாளை முடிவு செய்ததும் அறிவிக்கிறோம். அணிகளைப் பதியும் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்கள் கட்டாயம் வாருங்கள்.